பைப்பில் கட்டிய கார்

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று எங்கள் மைன்ஸ் குடியிருப்பு லைனில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் ஞாயிறு தவிர எல்லா நாளும் கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு வரதண்ணாவின் எலக்ட்ரிக் காரில்தான் போய் வருகிறேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை எனக்கு. பின் சீட்டில் நடுவில் உட்காருவதால் முன்னாலிருக்கும் திரை நேராக என் முகத்துக்கு எதிரே இருக்கும். சார்ஜ் எவ்வளவு இறங்கியது, இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் ஓட்டுகிறவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேட்கிறவர்களுக்கு நல்லதை முதலில் சொல்வேன். பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். கியர் இல்லை, குலுக்கல் இல்லை, ஆயில் மாற்றுகிற தொல்லை இல்லை. டீசல் நாற்றம் பட்டாலே வாந்தியெடுக்கிற நான் இப்போது வழியெல்லாம் தூங்கிக்கொண்டு போகிறேன். அப்புறம் கெட்டது. ஆள் நிறைய ஏற்றி ஏசியும் போட்டால், கம்பெனிக்காரன் சொன்ன தூரத்தில் கால்வாசியை மறந்துவிட வேண்டியதுதான். வழியிலிருக்கிற சார்ஜிங் பாயின்ட் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செத்துக் கிடக்கும். சத்தமே இல்லாததால் மார்க்கெட்டில் மாடும் நகராது, மனுஷனும் நகரமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் நல்ல எர்த் இருக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்குகிற அந்த ஒயர் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

எர்த் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். கெட்டதில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். போகட்டும், இங்கே சொல்லிவிடுகிறேன்.

வரதண்ணாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மைன்ஸ் மூடுவதற்கு முன்னால் சில வருஷம் பாலகாட் மைன் பக்கம், பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு ஷாஃப்டில் மணியடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி மறுபடி தூக்குகிற இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். கேஜ் விஷயத்தில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் பேசிக்கொள்வது மணியால்தான். கீழேயிருந்து மூன்று வந்தால், ஆட்கள் ஏறப்போகிறார்கள். மேலேயிருந்து மூன்று திரும்பிப் போனால், சரி, ஏறுங்கள். பிறகு கீழேயிருந்து ஒன்று வரும். தூக்கு என்று அர்த்தம். எங்கள் ஊரில் இது பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். சின்ன வயதில் தட்டைத் தட்டி நாங்கள் இதையே விளையாடியிருக்கிறோம். உள்ளே பாறை சரிந்து மாட்டிக்கொண்டவர்கள், மணி கையில் எட்டாவிட்டால், காற்றுப் போகிற பைப்பில் கல்லால் தட்டுவார்கள். அதைக் காதில் வாங்கியவன் பதில் தட்டாமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

மைன்ஸ் மூடிய பிறகு பெங்களூரில் அடுத்தவர்களின் கார்களை ஓட்டினார். ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனுஷர். பேசுகிற பொறுப்பு முழுவதும் அவர் மனைவி புஷ்பவல்லியுடையது. புஷ்பக்காவின் வாய்க்கு எங்கள் லைனே பயப்படும். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சி முதலில் அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

புஷ்பக்காவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், சம்பங்கி என்று. அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஏர் பிளாஸ்டில் போனவர். பூமிக்குள் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கூட இருந்தவர்களை எடுத்தார்கள். சம்பங்கியை எடுக்க முடியவில்லை. அந்த லெவலின் சுரங்கப்பாதையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். உடம்பு வராததால் அவர்கள் அம்மா காரியம் செய்ய விடவில்லை, போட்டோவுக்கு மாலை போடவும் விடவில்லை. யாராவது கேட்டால், "அவன் இன்னும் ஷிப்ட்ல இருக்கான்" என்பாராம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் புஷ்பக்கா அதே பதிலைத்தான் சொல்வார். சிரிக்காமல் சொல்வார்.

அடுத்தவர் காரை ஓட்டியது போதும் என்று வரதண்ணா சொந்தமாக எலக்ட்ரிக் கார் எடுத்தார். விடியற்காலையில் எங்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், ஊருக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்கச் சார்ஜ் போடுவார், சாயந்திரம் மறுபடி வந்து எங்களை அழைத்துக்கொண்டு போவார். வீட்டில் சார்ஜ் ஏறினால்தான் பிழைப்பு. இல்லாவிட்டால் வண்டி தின்றது போக அவருக்குச் சோறு மிஞ்சாது. முதல் நாள் கார் சத்தமில்லாமல் நகர்ந்தபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கேஜ் இப்படித்தான் எறங்கும். அதுவும் கரெண்டுல ஓடுனது தானே" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் சார்ஜர் வீட்டில் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் கிளாரன்ஸ் வந்து எர்த் குழி தோண்டினார். பாறை இடித்தது. வேறு இடத்தில் தோண்டினார். பைப்பை நட்டு, உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்றே தெரியவில்லை. குழியின் ஓரம்கூட ஈரமாகவில்லை. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"கீழ எல்லாம் தோண்டி எடுத்துட்டாங்க வரதா. உன் வூடு வெறும் பொந்து மேல நிக்குது போல" என்றார் கிளாரன்ஸ்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புப் பைப் போகிறது. மைன்ஸுக்குள் காற்று அனுப்பிய கம்பெனி பைப். மற்ற இடங்களில் எல்லாம் பழைய இரும்புக்குத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வீட்டுக்குப் பின்னால் மட்டும் புஷ்பக்காவின் வாய்க்குப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். அது முள்ளுக்காட்டுக்குள் புகுந்து, சிமென்ட் பலகை போட்டு மூடிய ஷாஃப்ட் வாய்க்குப் போய் உள்ளே இறங்குகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு, எதைக் கட்டுவதானாலும் கம்பெனி பைப்பில் கட்டுவோம். ஆட்டைக் கட்டுவோம், கொடிக் கயிற்றைக் கட்டுவோம், டிவி எர்த்தையும் அதில்தான் கட்டுவோம். வரதண்ணா சார்ஜரின் எர்த் ஒயரை அதில் கட்டினார்.

விளக்கு உடனே பச்சையானது. கிளாரன்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"இந்த மாதிரி எர்த் நான் பாத்ததே இல்ல. பைப் எங்க முடியுது?"

"ஷாஃப்ட்ல."

"ஷாஃப்ட்ல எங்க?"

"அடில" என்றார் வரதண்ணா.

இது முறையில்லை, ஒரு நாள் ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்று கிளாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது? கார் ஓடியது. நாங்களும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனோம்.

கொஞ்ச நாள் கழித்து வரதண்ணா சாயந்திரம் தாமதமாக வர ஆரம்பித்தார். ஒரு நாள் வரவே இல்லை. போனும் எடுக்கவில்லை. நாங்கள் பஸ் பிடித்து, ரயில் பிடித்து, நொந்துபோய் வீடு சேர்ந்தோம். மறுபடியும் அப்படியே நடந்தது. எங்களில் முன் சீட்டில் உட்காருகிற பரத், "போதும் சாமி" என்று ரயிலுக்கே மாறிவிட்டான். இன்னும் ஒருத்தர் போனால் வரதண்ணா காரை விற்க வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போனேன்.

வெயில் கொளுத்தியது. வாசலில் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போனேன். வரதண்ணா பைப்பின் பக்கத்தில், கையில் ஸ்பேனருடன், தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கி, பேசாதே என்றார்.

டங். டங். டங்.

பைப்புக்குள்ளிருந்துதான் வந்தது. தூரத்திலிருந்து, அவசரமில்லாமல், எண்ணி எண்ணித் தட்டுகிற சத்தம். வரதண்ணா ஸ்பேனரால் திரும்ப மூன்று தட்டினார். அவர் யோசித்துத் தட்டவில்லை. தும்மல் வந்தால் தும்முகிறோமே, அப்படித் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வேலியில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு, டங்.

ஒன்றே ஒன்று.

எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?  மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிற்கிறது என்கிறார்கள். அங்கே தட்டுவதற்கு ஆள் ஏது?

"இருபது வருசமா இன்ஜின் சத்தத்துல எதுவும் கேக்கல அமலா" என்றார் வரதண்ணா. "இந்த வண்டிக்கு வந்தப்புறம் காது தொறந்துகிச்சு. முத நாளு மூணு வந்துது. கை தானா மூணு அடிச்சிடுச்சு. ஏறுங்கன்னு சொல்லிட்டேன். ஏறிட்டாங்க. தூக்குங்கறாங்க. வுட்டுட்டு எப்படி எழுந்து வர்றது?"

கதவைத் தள்ளிக்கொண்டு புஷ்பக்கா வெளியே வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கத்தினார்.

"மேல வா, மேல வான்னு தெனம் பொய் சொல்லிகினு இருக்கியே, தூக்கறதுக்கு உன்கிட்ட இன்னா இருக்குது? கேஜ் இருக்குதா? கயிறு இருக்குதா? எங்கண்ணன் அங்க எத்தினி தடவ ஏறி நிப்பான்? வெட்டிப் போடு அந்த ஒயர!"

அவர் வாயிலிருந்து அண்ணன் என்ற வார்த்தை வந்ததும் வரதண்ணா தலையைக் குனிந்துகொண்டார். அதுவரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நான்தான் போய் கிளாரன்ஸை அழைத்து வந்தேன். பைப்பில் எங்கோ ஒரு வால்வு ஆடுகிறது என்றார். தண்ணீர் ஏறி இறங்கும்போது காற்று தள்ளுகிறது என்றார். வெயிலுக்கு இரும்பு விரிகிறது என்றார். ஒருத்தர் ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னால் அவருக்கு எந்தக் காரணத்திலும் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரு நல்ல செய்தியும் சொன்னார். பங்காருபேட்டை போகிற வழியில் ஒரு ஓட்டலில் வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற மிஷின் வந்திருக்கிறதாம். காசு கொஞ்சம் கூட. பரவாயில்லை, வீட்டில் சார்ஜே போட வேண்டாம்.

கிளாரன்ஸ் கட்டரை எடுத்தார். வரதண்ணா தடுத்தார்.

"வெட்டறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சொல்லணும்."

"சரி, சொல்லிக்கோ."

வரதண்ணா ஸ்பேனரை ஓங்கியபடி பைப்பின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.  அப்புறம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"நிறுத்துன்றதுக்கு மணி இருக்குது. எறக்குன்றதுக்கு இருக்குது. அடிபட்ட ஆளு வர்றான், மெதுவா தூக்குன்றதுக்குக்கூட இருக்குது. கேஜ் வராதுன்னு சொல்றதுக்கு மட்டும் மணியே இல்ல."

கிளாரன்ஸ் ஒயரை வெட்டினார். வெட்டச் சொன்ன புஷ்பக்காதான் முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வரதண்ணா ஓட்டலில் சார்ஜ் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தார். பரத் இல்லாததால் நாங்கள் மூன்று பேர் பின்னால், முன் சீட்டு காலி. ஒரு ஆள் குறைந்ததில் ஒயிட்ஃபீல்டு போய்ச் சேரும்போது திரையில் சார்ஜ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான்தான் அதைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். எனக்குக் காய்ச்சல், லீவு போட்டிருந்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டு மத்தியானம் அவர்கள் வீட்டுப் பக்கமாகத் திரும்பி வந்தேன். வாசலில் கார் இல்லை. பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங்.

போய்ப் பார்த்தால் புஷ்பக்கா. வரதண்ணாவின் அதே ஸ்பேனரை வைத்துக்கொண்டு பைப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். வெட்டின ஒயர் ஒரு ஓரமாகக் கிடந்தது.

"இன்னும் நிக்கலையாக்கா?"

"ஒயர வெட்டுனா நிக்கறதுக்கு அது இன்னா கரெண்டா?" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரதண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அவரும் இங்கியே குந்திக்குவாரு. ஒருத்தராவது சம்பாதிக்க வேணாமா?"

பைப் ஒன்று அடித்தது. தூக்கு. புஷ்பக்கா அந்தத் துருப்பிடித்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்கார நெற்றியில் வைப்பதுபோல.

"எங்கம்மா ஷாஃப்ட் வாசல்லயே நின்னுச்சு அமலா. ஒவ்வொரு தடவ கேஜ் மேல வர்றப்பவும் எட்டி எட்டிப் பாத்துச்சு. வேற யாராரோ எறங்குனாங்க. அப்புறம் ஒரு நாளு கேஜே நின்னு போச்சு. இவ்ளோ நாளா அவன் ஏறி நின்னுகினே இருக்கான், தூக்கத்தான் ஆளில்ல."

மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் குந்தினேன். 

"உங்க வண்டில முன் சீட்டு காலி தானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. பரத் ரயிலுக்குப் போய்ட்டான்."

"கரெண்டுல ஓடுற வண்டி தானே" என்றார். 

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது, வேலைக்குக் கிளம்பினேன். பனி இறங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம். வரதண்ணா சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டார். புஷ்பக்கா தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வெளியே வந்தார்.  முன் சீட்டின் கதவை அகலமாகத் திறந்து, வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பிடித்தபடி நின்றார். பின்பக்கத்திலிருந்து யாரோ ஏற வருகிறார்கள்போல என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. பனிக்காற்று மட்டும் உள்ளே வந்தது, பழைய இரும்பும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனையோடு.

பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார். காரின் கூரையில் கையால் மூன்று தட்டினார்.

வரதண்ணா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் இருந்தார். அவர் கண்ணாடியில் தெரிந்தார்.  மோதிரம் போட்ட விரலால் ஸ்டீயரிங்கில் மூன்று தட்டினார். வெளியே புஷ்பக்கா காத்திருந்தார். கூரையில் ஒன்று விழுந்தது.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. லைன் முனை திரும்புகிறவரைக்கும் அக்கா அங்கேயே நின்றிருந்தார். வரதண்ணா அழுதுகொண்டே ஓட்டினார், துடைத்துக்கொள்ளவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குத் தூங்கவில்லை. ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது பழக்கத்தில் திரையைப் பார்த்தேன். பரத் இருந்த காலத்தில் சார்ஜ் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் நின்றது.

அன்றிலிருந்து பைப் அடிப்பதில்லை. கிளாரன்ஸ் அது தன் வேலையால் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். போன மாதம் பால்காரி பார்வதம்மா ஏதோ பேச்சில் சம்பங்கியைப் பற்றிக் கேட்டபோது, புஷ்பக்கா பால் பாத்திரத்தை நீட்டியபடியே, "ஷிப்ட் முடிஞ்சிபோச்சு" என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

காரின் சார்ஜ் மட்டும் பழையபடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏசியைக் குறைத்துப் பார்த்தோம், டயருக்குக் காற்று அடித்துப் பார்த்தோம். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நாலு பேருக்கான கணக்கில் ஓடுகிறது. கார் கம்பெனியில் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எலக்ட்ரிக் காரில் இருக்கிற கெட்டதில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

திங்கட்கிழமை கிரண் வந்து நின்றான். எங்கள் பக்கத்து லைன் பையன், பெங்களூரில் புது வேலை. காரின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"முன்னாடி சும்னே காலியாதானே போவுது வரதண்ணா? நான் ஏறிக்கட்டா? டெய்லி வர்றேன்."

காலி சீட்டால் வரதண்ணாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் தினமும் சாவுக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறேன்.

"அங்க ஆள் இருக்குது கிரண்" என்றேன். "நீ ரயில்ல போ."

அவன் காலி சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனான். வரதண்ணா ஸ்டீயரிங்கில் மூன்று தட்டினார். அன்றைக்குப் புஷ்பக்கா வாசலுக்கு வரவில்லை, உள்ளே அடுப்பு வேலையாக இருந்தார். காரின் கூரையில் தட்ட வெளியே யாரும் இல்லை.

முன் சீட்டிலிருந்து ஒன்று வந்தது. வண்டி கிளம்பியது.